மினசோட்டாவுக்குப் போன கண் திறக்காத சிங்கம்

தூத்துக்குடி,
26.05.2025

அமெரிக்க தேசத்தில் மினசோட்டா மாநிலத்தில் குளிர் நீங்கிச் சுகமாக வீற்றிருக்கும் மரியாதைக்குரிய மாப்பிள்ளை செந்தில்முருகன் அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் வீட்டம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் வீரபாகு பணிவோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பேச்சியும் உடம்பால் சுகம். மனசுதான் சரியில்லை. அங்கே நீங்களும் செல்வியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிக்க எட்டு நாளாக வாட்ஸ்அப்பில் முட்டி மோதிப் பார்க்கிறேன். எதை அனுப்பினாலும் ஒற்றை டிக்தான் விழுகிறது. முதலில் உங்கள் பக்கம் கரண்ட் இல்லையோ என்று நினைத்தேன். அப்புறம் பனிப்புயல் என்று நினைத்தேன். மே மாதத்தில் அங்கே பனிப்புயல் வருமா என்று பேச்சியிடம் கேட்டதற்கு, "ஊருக்கெல்லாம் வருமோ என்னமோ, உங்களுக்கு மட்டும் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் நீங்கள் என்னை பிளாக் பண்ணியிருக்கிறீர்கள் என்பது எனக்கு உறைத்தது. உங்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் போனையே தூக்கிக் கடலில் எறிந்திருப்பேன். தபாலில் இந்த டிக் தொந்தரவு கிடையாது என்பதால் பேனாவை எடுத்தேன்.

நடந்ததை ஆதியோடு அந்தமாக எழுதினால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும். பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் காலையில் உங்கள் போன் வந்தது. எங்கள் அப்பா இறந்த துக்கத்துக்குப் பிறகு நீங்கள் என்னிடம் பேசியது கல்யாணம், காதுகுத்து என்று நாலு தடவை இருக்கும். செல்வி அதுவும் இல்லை. அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அப்பாவுக்கு முடியவில்லை என்று கேட்டு வியாழக்கிழமையே விமானம் ஏறினவள். அப்பா வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தார். சனிக்கிழமை ஆக விடக்கூடாது, அது முறை இல்லை என்று நாலு பேர் சொன்னார்கள், நானும் தலையை ஆட்டி, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டேன். அவள் மறுநாள் காலை வாகைக்குளம் விமான நிலையத்தில் வந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது கூடத்தைக் கழுவி விட்டிருந்தோம். "அண்ணே, ஒரு ராத்திரி பொறுக்க முடியாதா?" என்று கேட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. பையைக்கூடக் கீழே வைக்காமல் ஸ்ரீவைகுண்டத்துக்கு உங்கள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒன்பது வருஷம் ஆகிறது.

அப்படி இருக்கிறபோது பொங்கல் முடிந்து நீங்கள் கூப்பிட்டு, "மச்சான், ஒரு காரியம் ஆகணும், உங்களால மட்டும்தான் முடியும்" என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? உங்கள் ஊரில் நார்வே தேசத்திலிருந்து குடிவந்தவர்களின் பேரன் பேத்திகள் ஒரு பாரம்பரியச் சங்கம் வைத்திருக்கிறார்கள் என்றும், அந்த மண்டபத்து பாய்லரை நீங்கள் பழுது பார்த்துக் கொடுத்ததில் உங்களையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள் என்றும் சொன்னீர்கள். வருஷா வருஷம் மே பதினேழாம் தேதி அவர்களுக்குத் திருவிழா, ஊர்வலத்துக்கு முன்னால் சங்கத்தின் பட்டுக்கொடி போகும், அந்தக் கொடி தொண்ணூறு வருஷத்துச் சாமான், தொட்டால் பட்டு கையோடு வருகிறது என்றீர்கள். "எங்க மச்சான் தூத்துக்குடியில கோயில் கொடி செய்யுதவுக, அவுக கை பட்டா நூறு வருஷம் நிக்கும்னு கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லிட்டேன் மச்சான்" என்று நீங்கள் சொன்னதை நான் ஒரு வாரம் சாப்பிடும்போதும் பேச்சியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த போனில் பின்னால் செல்வி பிள்ளைகளிடம், "கதவச் சாத்துங்க, குளிரு வருது" என்று சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. இந்த ஒன்பது வருஷத்தில் அவள் குரலை நான் கேட்டது அவ்வளவுதான்.

அந்தச் சந்தோஷத்தில் வாயை விட்டேன். "நார்வேதானே, நமக்குச் சுண்டைக்காய் மாப்பிள்ளை" என்றேன். நம் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு நாற்பது வருஷமாக நாட்டுக்கொடி தைத்துக் கொடுக்கிறவன் நான். நார்வே என்றால் சிவப்பில் நீலச் சிலுவை, அதற்கு வெள்ளைக் கரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் சிலுவையையும் காணோம், நீலத்தையும் காணோம். சிவப்புப் பட்டில் ஆள் உயரத்துக்குத் தங்கச் சரிகையில் ஒரு சிங்கம். பின்னங்காலில் எழுந்து நிற்கிறது. தலையில் கிரீடம். முன்னங்காலில் கோடாலி. சரி, பத்திரகாளியம்மன் கோயில் தேருக்கு எத்தனை சிங்கம் செய்திருக்கிறோம், இதையும் செய்வோம் என்று நம் சரிகை வேலைக்காரன் லிங்கராஜைக் கூப்பிட்டுப் படத்தைக் கொடுத்தேன்.

லிங்கராஜை உங்களுக்குத் தெரியாது. கயத்தாற்றுப் பக்கத்துக்காரன். சுடலைமாடன் கோயில் கொடைகளுக்குச் சாமி உருவம் போட்ட சீலை செய்வதில் இந்த ஜில்லாவில் அவனை அடிக்க ஆள் இல்லை. ஆனால் வேலை தெரிந்த அளவுக்குக் கேள்வியும் கேட்பான். படத்தை ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, சிங்கம் இருக்கு, கிரீடம் இருக்கு, கோடாலி இருக்கு. அம்மைய எங்க?" என்றான்.

"அம்மை கிடையாதுலே. அது அவுக ராஜா சின்னம்."

"ஏறி உக்கார ஆளில்லாம வாகனம் மட்டும் எதுக்கு வருது? அதுவும் கையில ஆயுதத்தோட."

"ஏலே, அங்கன குளிரு ஜாஸ்தி. அம்மை வரலன்னு வச்சுக்கோ. நீ படத்துல உள்ளத மட்டும் செய்யி."

அவனுக்கு மனசு ஆறவில்லை. அம்மனுக்கு என்று சிங்கத்தின் முதுகுக்கு மேலே ஒரு முழம் இடம் விட்டு வரைந்துகொண்டு வந்தான். பிற்பாடு மனசு மாறி வருகிறவளுக்கு இடம் வேண்டாமா என்று கேட்டான். அந்த ஒரு முழத்தை அவனிடமிருந்து பிடுங்குவதற்குள் மாசி பிறந்துவிட்டது.

அடுத்தது உப்புக் காற்று. இந்த ஊர் உப்பளக் காற்று சரிகைக்கு எமன் என்று எனக்குத் தெரியாதா, தெரியும். தெரிந்தும், வேலை நாலு நாளில் முடிந்துவிடும் என்ற நினைப்பில் கடையிலேயே மரச்சட்டத்தில் பட்டைக் கட்டி ஆரம்பித்துவிட்டோம். சிங்கத்தின் பிடரி முடித்து நாங்கள் வாலுக்குப் போவதற்குள் பிடரி கறுத்துப்போய், தலைச்சாயம் அடித்துப் பாதியில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவையும் பிரித்தோம். வீட்டில் ஏசி இருப்பது எங்கள் படுக்கையறையில் மட்டும்தான். ஆகவே சிங்கத்தைச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு, நானும் பேச்சியும் இரண்டு மாதம் ஹாலில் பாயைப் போட்டுப் படுத்தோம். பங்குனி வெயில் எப்படி என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பேச்சி ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை. "செல்வி ஊருக்குப் போகுத சிங்கம்லா, அது குளுகுளுன்னு இருக்கட்டும்" என்றுதான் சொன்னாள். அவளாகவே ஓரத்துக் குஞ்சங்களுக்கு நடுவில் இருபத்தொரு சின்ன மணியும் கோத்துவிட்டாள். படத்தில் மணி இல்லையே என்றேன். சத்தமில்லாமல் ஒரு ஊர்வலம் போனால் எவனுக்குத் தெரியும் என்று கேட்டாள்.

பின்பக்கம் தமிழில் எழுத்து இருந்ததற்கு முழுப் பொறுப்பும் நான்தான். நம் பக்கத்தில் கோயிலுக்கு ஒரு கட்டு விளக்குத்திரி கொடுத்தாலும் பெயர் போட்டுத்தானே கொடுக்கிறோம். "உபயம்: செந்தில்முருகன் – இசக்கிசெல்வி குடும்பத்தார்" என்று அரை அடி எழுத்தில் போடச் சொன்னேன். ஊர்வலத்தில் கொடிக்குப் பின்னால் நடந்த நூறு பேருக்கும் ஊர் முழுக்க அது ஒன்றுதான் கண்ணில் பட்டது என்றும், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்களுக்கு ஏதோ பழங்காலத்து வாழ்த்துப் பாட்டு என்று நீங்கள் சொல்லிச் சமாளித்ததாகவும் சொன்னீர்கள். உங்களைப் பொய் சொல்ல வைத்துவிட்டேன். அதற்கும் வருந்துகிறேன்.

இனி அந்தக் கண் விஷயம். சித்திரை பிறந்ததும் கிரீடம், பல், நகம், கோடாலி எல்லாம் முடிந்தது. கண் மட்டும் பாக்கி. அந்த இடத்தில் வெறும் சிவப்புத் துணியாக விட்டு, மேலே பட்டர் பேப்பர் வைத்துச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தான் லிங்கராஜ். நம் பக்கத்து முறை உங்களுக்கே தெரியும். மாடன் ஆனாலும் அம்மன் ஆனாலும் மண்ணில் செய்தாலும் துணியில் செய்தாலும், உருவம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண் திறப்பது. முதல் பார்வை ஆள் மேல் விழக்கூடாது என்று எல்லாரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியும் பசுவும் காட்டுவார்கள். "சாந்தமான சாமின்னாகூடப் பரவால்ல அண்ணாச்சி. இது ஆயுதம் ஏந்துன சிங்கம், மேல உக்காந்து அதட்ட ஆளும் கிடையாது. இங்கனயே கண்ணத் தொறந்து உட்டா கடல் தாண்டுத வரைக்கும் யாரு காவல்?" என்று லிங்கராஜ் கேட்டான். அவன் ஒரு பிடிவாதக்காரன். அவனிடம் நான் எவ்வளவோ மன்றாடினேன். கேட்கவில்லை. அவன் பேச்சைக் கேட்டதுதான் நான் செய்த ஒரே தப்பு.

ஆனாலும் நான் பொறுப்பில்லாதவன் இல்லை மாப்பிள்ளை. அங்கே போய்க் கண் திறப்பது எப்படி என்று ஒன்பது படிகளாக, செல்விக்குப் புரிகிற மாதிரி நல்ல தமிழில் ஒரு காகிதத்தில் எழுதினேன். ஊசி, கறுப்புப் பட்டு நூல், கைக்கண்ணாடி மூன்றையும் சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்தேன். முடிச்சைப் பெட்டிக்குள் சிங்கத்தின் காலடியில் வைத்தேன். ஏதாவது சந்தேகம் இருந்தால் எந்த நேரமானாலும் போன் பண்ணவும் என்று காகிதத்தின் அடியில் என் நம்பரையும் எழுதியிருந்தேன்.

கூரியர் ஆபீசில் ரீனா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். வெளிநாட்டுப் பார்சல் என்றால் உள்ளே என்ன என்று கேட்டு கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம். "என்ன சாமான் அண்ணாச்சி?" என்று கேட்டாள். நான் யோசனையில் இருந்ததால், "சிங்கம்" என்றேன். தட்டச்சு அடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "உயிரோடயா?" என்று கேட்டாள். "இன்னும் கண்ணு தொறக்கல" என்றேன். அந்தப் பிள்ளை எழுந்துபோய் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பெட்டியைப் பிரித்துக் காட்டி, மேனேஜர் சிரித்து, ரீனா சிரித்து, வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்து, மறுபடி கட்டி அனுப்புவதற்குள் ஒரு மத்தியானம் போய்விட்டது. அந்தக் கலவரத்தில்தான் மஞ்சள் முடிச்சு எங்கேயோ விழுந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இல்லையென்றால் வழியில் எந்தப் பாவி எடுத்தானோ தெரியவில்லை.

அப்புறம் மே பதினெட்டாம் தேதி காலையில் உங்கள் போன். நாலே நிமிஷம். அந்த நாலு நிமிஷத்தை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். சங்கத் தலைவி இங்கிரிட் அம்மாளுக்குத் தொண்ணூற்றொரு வயசு என்றும், பழைய கொடியைத் தைத்தது அவருடைய தாயார் என்றும், தாயார் தைக்கிறபோது இவர் மடியில் கிடந்த பிள்ளை என்றும் அப்போதுதான் சொன்னீர்கள். புதுக்கொடியைத் திருவிழா மேடையில்தான் முதன்முதலாகப் பார்ப்பேன் என்று சொல்லி, இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே வந்த பெட்டியை உங்களிடமிருந்து வாங்கி, யாரையும் பிரிக்கவிடாமல் தன் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தாராம். மேடையில் இருநூறு பேர் முன்னால் திரையை இழுத்தார்கள். தங்கச் சிங்கத்தைப் பார்த்து எல்லாரும் கை தட்டினார்கள். கண்ணில் ஒட்டியிருந்த பேப்பரைப் பார்சல்காரன் ஒட்டியது என்று நினைத்து யாரோ ஒருவர் உரித்தார். கை தட்டல் நின்றுவிட்டது. அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து, கண் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற உங்களிடம், இதற்குப் பார்வை கிடையாதா என்று மெதுவாகக் கேட்டார்.

"தலையக் குனிஞ்சுட்டேன் மச்சான்" என்றீர்கள். "அந்தம்மா கோவிச்சிருந்தாகூடப் பரவால்ல. பரவாயில்ல, பரவாயில்லன்னு என் கையத் தட்டிக் குடுக்காவ. அதான் தாங்க முடியல. அப்புறம் அந்தக் குருட்டுச் சிங்கத்தத் தூக்கிட்டு ஊரச் சுத்துனோம். பிள்ளைகளுக்கு மட்டும் அந்த மணிச் சத்தம் பிடிச்சிருந்துது."

மஞ்சள் முடிச்சைப் பார்க்கவில்லையா என்று நான் கேட்டதற்கு, "எந்த முடிச்சு?" என்றீர்கள். செல்வி என்ன சொன்னாள் என்று கேட்டேன். "வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. எங்க அண்ணனுக்கு எப்பவும் முறைதான் பெருசு, ஆள் இல்லன்னு சொன்னா" என்றீர்கள். அதோடு போன் வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து ஒற்றை டிக்.

மாப்பிள்ளை, எனக்கு அறுபத்து மூன்று வயசாகிறது. கொடி விஷயத்தில் நான் இப்படி அசிங்கப்பட்டது கிடையாது. ஒரு தடவை ஒரு கட்சி மாநாட்டுக்குக் கொடியெல்லாம் தலைகீழாகத் தைத்துக் கொடுத்திருக்கிறேன், அதையே அவர்கள் ஏற்றிவிட்டு யாரும் கண்டுபிடிக்காமல் மாநாடு முடிந்தது. அதெல்லாம் எனக்குத் தொழில். இது அப்படி இல்லை. கூட்டத்தில் எழுந்து நின்று என் பெயரைச் சொன்ன ஒரே மனுஷர் நீங்கள்தான். உங்களை அந்த இடத்திலேயே தலைகுனிய வைத்துவிட்டேன். தாயார் கைவேலைக்கு ஈடாக ஒன்றைப் பார்க்கலாம் என்று கட்டிலுக்கு அடியில் பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் படுத்திருந்த அந்த அம்மாளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கடையில் இருக்கும்போது யாராவது கண்ணைப் பற்றிப் பேசினால்கூட எழுந்து வெளியே போய்விடுகிறேன். அடுத்த கடை மூக்குக்கண்ணாடிக் கடை என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இந்த உறைக்குள் ஊசியும் கறுப்புப் பட்டு நூலும் வைத்திருக்கிறேன். இங்கிரிட் அம்மாளே தன் கையால் கண்ணைத் தைக்கட்டும். அந்த வயசில் நூல் கோக்கச் சிரமப்படுவார், செல்வி கோத்துக் கொடுக்கட்டும். எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்தி வையுங்கள். யாரும் நேருக்கு நேர் நிற்க வேண்டாம். பூசணிக்காய் உடைக்க வேண்டும், உங்கள் ஊரில் வெள்ளைப் பூசணி கிடைக்காவிட்டால் மஞ்சளும் உதவும். பசு காட்ட வழி இல்லாவிட்டால் பால் டப்பாவில் பசு படம் போட்டிருந்தால் போதும் என்று லிங்கராஜ் அனுமதி கொடுத்துவிட்டான். எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு போட்டோ அனுப்பினால், நாங்கள் இங்கே நிம்மதியாகத் தூங்குவோம். அந்த அம்மாளிடம் தூத்துக்குடியில் ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறான் என்று அவர்கள் பாஷையில் சொல்லிவிடுங்கள்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போகும்போது உங்கள் குடும்பத்து எல்லார் பெயருக்கும் அர்ச்சனை செய்வதாக இருக்கிறோம். பேச்சி உங்களை ரொம்பவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல், படிப்பும் பெயருமாக, அந்தக் குளிரிலும் முருகன் துணையோடு நன்றாக இருக்க வேண்டும். மூத்தவன் என்ற முறையில் உங்கள் இரண்டு பேரையும் வாழ்த்துகிறேன், குற்றவாளி என்ற முறையில் உங்கள் இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும் மைத்துனன்,
வீரபாகு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பேச்சி கடிதத்தை வாங்கிப் படித்தாள். முழுக்கப் படித்துவிட்டு, "லிங்கராஜ் பாவம்ங்க. புள்ள குட்டிக்காரன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதனால் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது.

லிங்கராஜ் மேல் ஒரு தப்பும் இல்லை. முறையைச் சொன்னது அவன்தான், ஆனால் பார்சல் கட்டுவதற்கு முந்தின நாள் அவனே ஊசியும் நூலுமாக வந்து நின்றான். "நம்ம முறை அவுகளுக்கு எதுக்கு அண்ணாச்சி, பாவம், தெரியாம முழிப்பாவ. கும்பிட்டுட்டு நானே தொறந்து உட்டுருதேன்" என்றான். வேண்டாம் என்று அவன் கையைப் பிடித்துத் தடுத்தது நான். மஞ்சள் முடிச்சு வழியில் எங்கும் விழவில்லை. நான் வைத்தால்தானே விழும்? காகிதமும் கிடையாது. அதில் எந்த ஒன்பது படி என்று நீங்கள் கேட்டால் எனக்கே தெரியாது. பால் டப்பாவும் பூசணிக்காயும் இன்றைக்கு எழுதும்போது தோன்றியது. அதையெல்லாம் செய்ய வேண்டாம். ஊசியும் நூலும் மட்டும் நிஜம், அவை உறைக்குள் இருக்கின்றன.

செல்வி சொன்னது இந்தத் தடவை சரியில்லை. முறைக்காக நான் இதைச் செய்யவில்லை. பெட்டி வந்ததும் பிரிப்பீர்கள், பிரித்ததும் சிங்கத்துக்குக் கண்ணைக் காணோம் என்று தெரியும், விழாவுக்கு நாள் இருக்கிறது, வேறு வழி இல்லாமல் அவள் எனக்கு போன் போட்டு, "அண்ணே, கண்ணு எங்க?" என்று கேட்பாள் என்று கணக்குப் போட்டேன். பெட்டி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று ரீனா சொன்ன நாளிலிருந்து இரண்டு வாரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். நான் குளிக்கிறபோது பேச்சி அதைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பாள். கண்ணைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசிவிட்டு, அப்படியே பேச்சோடு பேச்சாக, அப்பா முகத்தை உனக்குக் காட்டாமல் எடுத்தது தப்பு, ஐஸ் பெட்டி கேட்டால் கிடைத்திருக்கும், நாலு பேருக்குப் பயந்து நான்தான் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஒரு வயசான அம்மாள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்வார் என்று நான் கண்டேனா.

அதற்கு ஒரு சிங்கத்தின் கண்ணைப் பறிக்க வேண்டியது இல்லை. அவள் நம்பர் ஒன்பது வருஷமாக என்னிடம் இருக்கிறது.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரப் பதினைந்து நாள் ஆகும் என்று தபாலாபீசில் சொல்கிறார்கள். அதற்குள் நானாகவே செல்வியைக் கூப்பிட்டுப் பேசியிருந்தால், இந்தப் பின்குறிப்பைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். கூப்பிடாமல் இருந்திருந்தால், மேலே உள்ள நாலு பக்கத்தையும் நீங்கள் வைத்துக்கொண்டு, இந்தப் பின்குறிப்பை மட்டும் அவளிடம் கொடுங்கள்.